கூறைச் சட்டைக்கு இரண்டு இடக்கை: போனும் சீனியும் குறைத்த கதை, செய்முறையோடு

சாறிச் சட்டைக்குக் கை வெட்டும்போது துணியின் நல்ல பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி மடித்துப் போட்டு, ஒரே வெட்டில் இரண்டையும் எடுக்க வேண்டும். அப்போதுதான் ஒன்று வலக்கையாகவும் மற்றது இடக்கையாகவும் வரும். தையல் பழக வருகிற பிள்ளைக்கே முதல் மாதம் தெரிந்துவிடுகிற விஷயம் இது. ஆரையம்பதியில் 22 வருடமாகத் தைக்கிற நான், ஒரு கல்யாணப் பெண்ணின் கூறைச் சட்டைக்கு இரண்டு இடக்கை வெட்டினேன்.

துணி கொஞ்சம் குறைவு. மடித்துப் போட இடமில்லாததால் ஒவ்வொரு கையாக வெட்ட வேண்டியிருந்தது. ஒன்றை வெட்டிவிட்டு மற்றதற்குச் சோக்கை எடுத்தேன், வாட்ஸ்அப் ஒலித்தது. வேறொரு வாடிக்கையாளர் கழுத்து டிசைன் ஒன்று அனுப்பியிருந்தார். அதைப் பார்த்தேன், அதற்குப் பக்கத்தில் இருந்த குரூப்பைப் பார்த்தேன், அதில் வந்த வீடியோவைத் தொட்டேன். திரும்பிக் கத்தரிக்கோலைத் தூக்கும்போது அரை மணித்தியாலம் போயிருந்தது. அச்சுக் கடதாசியைப் புரட்டிப் போட வேண்டும் என்ற நினைப்பும் அதோடு போயிருந்தது.

அதே துணி எங்கும் இல்லை. மட்டக்களப்பு டவுனில் கடை கடையாக ஏறி, கிட்டத்தட்ட ஒத்துப்போகிற துணியொன்றை என் காசில் வாங்கி இரண்டு கையையும் புதிதாக வெட்டித் தைத்துக் கொடுத்தேன். பெண்ணின் தாய் ஏசவில்லை. "பரவாயில்ல புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஏசியிருந்தால் அன்றிரவு நித்திரையாவது வந்திருக்கும்.

அந்த மாதமே சுகவனிதையர் கிளினிக்குக்கும் போனேன். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைக் கூப்பிட்டு பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். 35இல் கூப்பிட்டபோது தீபாவளித் தையல் என்று சாட்டுச் சொல்லித் தப்பிவிட்டேன். 45க்கு மருத்துவிச்சி மிஸ் வீடு தேடி வந்துவிட்டா. வெறும் வயிற்றில் சீனி 118. 126ஐத் தொட்டால் திரும்பவும் ஒருமுறை பார்த்து நீரிழிவு என்றே முடிவு செய்வார்கள். நான் அதற்கு முந்திய படியில் நின்றேன். அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து 14 வருடம். அது எப்படி ஏறி வரும் என்று கூட இருந்து பார்த்தவள் நான்.

போனையும் சீனியையும் குறைப்பது என்று முடிவெடுத்தேன். இனி விஷயத்துக்கு வருவோம்.

முதல் முறை ஏன் தோற்றேன்

ஒரு வீடியோ பார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன். போனைக் குறைக்கிற வழியையும் போனிலேயே தேடுகிற ஆள் நான். விடிய 4 மணிக்கு எழும்பு, 40 நிமிடம் தியானம் செய், சோறு தின்னாதே, போனை நிறுத்து என்று அதில் சொன்னார்கள். அத்தனையையும் ஒரே திங்கட்கிழமையில் பிடித்தேன். வியாழக்கிழமை தலையிடி. வெள்ளிக்கிழமை அபாயா தைக்கக் கொடுத்தவர் நான் போன் எடுக்காததால் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். சனிக்கிழமை இரவு ஒரு மணி வரை படுக்கையில் கிடந்து பழையபடி வீடியோ பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்தேன். முதலில் போன், மூன்று கிழமை கழித்துச் சாப்பாடு, அதற்கும் மூன்று கிழமை கழித்துத் தியானம். பலர் தியானத்தில் இருந்து தொடங்கச் சொல்வார்கள். எனக்கு அது சரிவரவில்லை. இரவு ஒரு மணிக்குப் படுத்தவளை விடியக் காலை கண்ணை மூடி உட்காரச் சொன்னால் நித்திரைதான் கொள்வாள். நித்திரை இல்லாத அன்றைக்குத் தித்திப்புத்தான் வேண்டும் என்று உடம்பும் அடம்பிடிக்கும். போனைச் சரிசெய்தால் நித்திரை வரும், நித்திரை வந்தால் சீனியைக் குறைக்கலாம், இரண்டும் ஓரளவு படிந்தால் பிறகு சும்மா உட்காரலாம். இந்த வரிசையில்தான் என் வீட்டில் நடந்தது.

இன்னொன்று. மனவுறுதியை நம்பி இறங்காதீர்கள். தையல் அறையில் கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஊசிப்பெட்டி பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். பொருள் எங்கே இருக்கிறதோ அதன்படிதான் கை பழகும். நான் செய்ததெல்லாம் பொருட்களின் இடத்தை மாற்றியதுதான்.

போன்

எனக்குப் போனை விட ஏலாது. அளவும் டிசைனும் அதில்தான் வருகின்றன. மகளுக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை, வகுப்பு நோட்ஸ் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில். வீட்டுக்காரர் கட்டாரில். ஆகவே "ஒரு மாதம் போனில்லாமல் இருந்து பாருங்கள்" என்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு.

முதல் நாள் எதையும் மாற்ற வேண்டாம், அளவெடுங்கள். அளவெடுக்காமல் துணி வெட்டுவார்களா? அண்ட்ராய்ட் போன் என்றால் செட்டிங்ஸில் "டிஜிட்டல் வெல்பீயிங்" என்று இருக்கும். ஐபோனில் "ஸ்கிரீன் டைம்". எதில் எத்தனை மணித்தியாலம், எத்தனை தடவை திறந்தீர்கள் என்று அது சொல்லும். எனக்கு ஒரு நாளைக்கு 5 மணித்தியாலம் 40 நிமிடம் காட்டியது. திறந்தது 130 தடவைக்கு மேல். இரண்டு சட்டை தைத்து முடிக்கிற நேரம் அது. கூலியை நினைத்து வயிறு எரிந்தது. எரியட்டும், அந்த எரிச்சல் ஒரு கிழமைக்கு உதவும்.

அடுத்தது இடம். குசினி வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பொயின்ட் இருக்கிறது. அதற்கு மேல் தட்டில் பழைய பிஸ்கட் டின் ஒன்றை வைத்தேன். போனின் வீடு இனி அதுதான். தையல் மெஷினில் இருந்து எழும்பி பத்துக் காலடி நடந்தால்தான் கையில் கிடைக்கும். திறந்த டின்னுக்குள் கிடந்தாலும் அழைப்பு வந்தால் சத்தம் நன்றாகக் கேட்கும், அவசரம் எதுவும் தவறாது. இரவிலும் அங்கேதான் சார்ஜ் ஏறுகிறது. எழும்புவதற்கு டவுனில் ஒரு சாதாரண மணிக்கூடு வாங்கினேன். இந்த எல்லா மாற்றத்திலும் மிகப் பெரிய பலன் தந்தது அந்த மணிக்கூடுதான் என்று நினைக்கிறேன். அலாரத்துக்காகப் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறோம், அதை நிறுத்தத் தொடுகிறோம், தொட்ட கை அப்படியே உள்ளே போய்விடுகிறது.

பிறகு அறிவித்தல்கள். அழைப்புக்கு மட்டும் சத்தம். பேஸ்புக், டிக்டொக், யூடியூப் எல்லாவற்றின் அறிவித்தலையும் மொத்தமாக நிறுத்தினேன். வாட்ஸ்அப் குரூப்களை ஒவ்வொன்றாகத் திறந்து "மியூட்" போட்டு, எட்டு மணித்தியாலமா ஒரு கிழமையா எப்போதுமா என்று கேட்கும் இடத்தில் "எப்போதும்" என்பதைத் தொட்டேன். எங்கள் குடும்பக் குரூப், பழைய மாணவிகள் குரூப், கோயில் குரூப், சீட்டுக் குரூப் என்று 17 இருந்தன. மரண அறிவித்தல் தவறிவிடுமே என்று பயமாக இருந்தது. தவறவில்லை. செத்த வீட்டுச் செய்தி இந்த ஊரில் போனை விட வேகமாக வேலிக்கு மேலால் வரும்.

படமும் வீடியோவும் தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சேமிப்பும் டேட்டாவும் என்ற பகுதியில் இருக்கிறது. டேட்டாக் காசும் மிஞ்சும்.

தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. "வாட்ஸ்அப் பிசினஸ்" என்று இலவசச் செயலி ஒன்று உண்டு. சாதாரண வாட்ஸ்அப் மாதிரியே இருக்கும். அதில் வேலை நேரத்தைக் குறித்து வைக்கலாம், நேரத்துக்கு வெளியே செய்தி வந்தால் தானாகப் பதில் போகும்படி செய்யலாம். நான் எழுதி வைத்திருப்பது இதுதான்: "தைத்துக்கொண்டிருக்கிறேன். காலை 8.30, பகல் 1.00, பின்னேரம் 6.00 மணிக்குப் பதில் தருவேன். அவசரம் என்றால் கோல் எடுங்கள்." யாரும் கோபிக்கவில்லை. அவசரம் என்று கோல் எடுத்தவர்கள் முதல் மாதத்தில் நான்கு பேர். அதில் ஒருவர் தவறி எடுத்தவர்.

இந்த மூன்று நேரம் என்கிற யோசனை என்னுடையதல்ல. காத்தான்குடியில் இருந்து அபாயா தைக்க வருகிற அக்கா ஒருவரிடம் கற்றது. "தொழுகைக்கு நிக்கிற நேரம் போன் அடிச்சா எடுக்கிறதா தங்கச்சி? முடிஞ்ச பிறகு பார்ப்பம். உலகம் என்ன கவுண்டா போச்சு?" என்றார். ஒரு நாளைக்கு ஐந்து முறை போனை ஒதுக்கி வைத்துவிட்டு வருகிற மனுசிக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

வீட்டுக்காரரின் அழைப்புத்தான் சிக்கலாக இருந்தது. கட்டார் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அவர் வேலை முடித்து, குளித்து, சமைத்து 8.30க்கு எடுத்தால் இங்கே இரவு 11. கதைத்து முடிய 11.45, அதோடு கை போனிலேயே ஒட்டிக்கொள்ளும். இதை ஒளிக்காமல் அவரிடம் சொன்னேன். இப்போது அறைக்குப் போகிற பஸ்சில் இருந்து எடுக்கிறார், அங்கே 6.15, இங்கே 8.45. பஸ் இரைச்சலில் பாதி கேட்காது. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, அன்று காலையில் ஆறுதலாக, வீடியோவில், அம்மாவும் மகளும் கூட இருந்து கதைக்கிறோம். கிழமை முழுவதும் அரைத்தூக்கத்தில் கதைத்ததை விட இதில் விஷயம் கூடுதல்.

9.30க்குப் பிறகு போன் டின்னுக்குள்தான். முதல் நான்கைந்து இரவுகள் கை சும்மா இருக்காது, தலையணைக்குக் கீழே தடவும். அந்த நேரத்துக்கு வேறு வேலை கொடுங்கள். நான் ஹூக் கட்டினேன். மகள் சிரித்தாள், பிறகு நாலாம் நாள் தன் புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். மெஷின் ஓடாது, போனில் சார்ஜ் இருக்காது. அந்த நாட்களைப் புகழ நான் தயாரில்லை. அரிசி வாங்கவே யோசித்த காலம் அது. ஆனால் இரவு எட்டரைக்கே நித்திரை வந்ததும், விடிய வெள்ளன எழும்பிக் கைத்தையலைப் பிழையில்லாமல் முடித்ததும் உண்மை. அப்போது அதற்குக் காரணம் என்னவென்று யோசிக்கவில்லை.

சாப்பாடு

இங்கேயும் முதல் வேலை அளவெடுப்பதுதான். ஒரு நாள் குடிக்கிற தேத்தண்ணியை எண்ணினேன். ஆறு. ஒவ்வொன்றுக்கும் மூன்று தேக்கரண்டி சீனி. மட்டமான தேக்கரண்டி ஒன்று ஏறக்குறைய 4 கிராம். ஆறு மூன்று பதினெட்டு, 72 கிராம். மாதத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் சீனி, அதுவும் தேத்தண்ணியில் மட்டும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது, 25 கிராமுக்குள் வந்தால் இன்னும் நல்லது என்கிறது. ஆறு தேக்கரண்டிதான் அது. நான் தேத்தண்ணி குடித்தேனா சீனிப்பாணி குடித்தேனா என்று தெரியவில்லை.

ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். நான்கு நாளைக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டி குறையுங்கள். நாக்குக்குத் தெரியாது. மூன்றில் இருந்து அரைக்கு வர எனக்கு 20 நாள் எடுத்தது. சீனி டின்னை மேல் தட்டுக்கு ஏற்றினேன், ஸ்டூல் வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தால் நல்லது என்று பலர் சொல்வார்கள். ருசி நல்லதுதான், ஆனால் அதுவும் சீனிதான். சின்னத் துண்டு என்றால் சரி, கட்டி கட்டியாகக் கடித்துவிட்டு இயற்கை என்று மனதைத் தேற்றக் கூடாது.

ஆறு தேத்தண்ணி மூன்றானது. கடைசி தேத்தண்ணி பின்னேரம் 3 மணிக்கு. தேயிலையில் இருந்து உள்ளே போன கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணித்தியாலம் எடுக்கும். ஆறு மணிக்குக் குடித்துவிட்டு நித்திரை வரவில்லை என்று நான் பல வருடம் புலம்பினேன். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கீரையில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை தடுக்கும். அதே கீரையில் தேசிக்காய் பிழிந்தால் கூடுதலாகச் சேரும்.

சோறு. சோற்றை விடச் சொன்னால் மட்டக்களப்பில் யார் கேட்பார்கள்? வாவிக்கு மேற்கே படுவான்கரை முழுவதும் வயல். நான் விடவில்லை. கோப்பையில் இடம் மாற்றினேன், அவ்வளவுதான். முன்பு நடுவில் சோறு மலை மாதிரி, ஓரத்தில் கறி. இப்போது பாதிக் கோப்பை கீரையும் மரக்கறியும், கால்வாசி மீன் அல்லது பருப்பு, மிச்சக் கால்வாசி சோறு. சிவப்பரிசிதான், ஆனால் சிவப்பென்பதற்காகக் கூடப் போடுவதில்லை. கீரையையும் மீனையும் முதலில் தின்று சோற்றைக் கடைசியில் தின்றால் சாப்பிட்ட பிறகு சீனி ஏறுவது குறையும். அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. "ஆணத்த முதல்ல குடிச்சிட்டு வெறுஞ்சோத்தையா புள்ள தின்னுற?" என்று இன்றைக்கும் கேட்கிறார். கொஞ்சம் ஆணத்தை, அதாவது குழம்பை, சோற்றுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

கீரைச் சுண்டல் தினமும். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, எது கிடைக்கிறதோ அது. மெல்லிசாக அரிந்து, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், தேங்காய்ப்பூ, உப்புச் சேர்த்துச் சூட்டில் இரண்டு நிமிடம் பிரட்டி, அடுப்பை அணைத்த பிறகு தேசிக்காய் விடுங்கள். முருங்கையிலைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும். வல்லாரையைச் சமைக்கவே வேண்டாம், பச்சையாகச் சம்பலாக்கலாம்.

காலையில் பாணும் சம்பலும் போய், கிழமையில் மூன்று நாள் இலைக்கஞ்சி வந்தது. ஒரு கைப்பிடி சிவப்பரிசியை மூன்று பல் உள்ளியோடு குழைய வேகவிடுங்கள். வல்லாரையோ பொன்னாங்காணியோ இரண்டு கைப்பிடி எடுத்துக் கொஞ்சத் தண்ணீரில் அரைத்து வடித்து வையுங்கள். அரிசி குழைந்ததும் தேங்காயின் முதலாம் பாலும் உப்பும் சேர்த்து, கடைசியாக இலைச்சாற்றை ஊற்றிக் கிளறி உடனே இறக்குங்கள். அதைக் கொதிக்க விட்டால் பச்சை போய்ப் பாசி நிறமாகும், வாசமும் போய்விடும். இரண்டு நாள் குரக்கன் பிட்டு. 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவில் கல்சியம் இருக்கிறது, 45 தாண்டிய எலும்புக்கு அது தேவை. ஆனால் குரக்கன் என்று பெயர் சொல்லி மூன்று குழல் பிட்டு தின்றால் சீனி ஏறத்தான் செய்யும். மிஞ்சிய நாட்களில் பழஞ்சோறு, எருமைத் தயிர், சின்ன வெங்காயம். தண்ணீரில் கிடந்து ஆறிய சோற்றின் மாச்சத்தில் ஒரு பகுதி எளிதில் சமிக்காததாக மாறும், அதனால் சுடுசோற்றை விடச் சீனியை மெல்ல ஏற்றும். அப்பா வலைக்குப் போகுமுன் தின்றது இதைத்தான். நான் அதை ஏழைச் சாப்பாடு என்று விட்டுவிட்டுப் பாணுக்கு மாறியவள்.

என் உண்மையான எதிரி பின்னேரம் 5 மணி. பாணும் பணிஸும் விற்கிற சூன் பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், கால் தானாக வாசலுக்குப் போகும். ரோல்ஸ் ஒன்று, சீனிப் பணிஸ் ஒன்று. இதற்கு நான் கண்ட வழி, 4.30க்கே அவித்த கடலையோ கச்சானோ ஒரு கைப்பிடி தின்று வைப்பது. வயிறு நிறைந்திருந்தால் பாட்டு வெறும் பாட்டுத்தான். சனிக்கிழமை மட்டும் ஆட்டோவை மறித்து ஒரு பணிஸ் வாங்குகிறேன். ஆட்டோக்காரத் தம்பிக்கும் பிழைப்பு வேண்டுமே.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம் நடை. வேறு எந்த உடற்பயிற்சியும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள், தின்ற சோற்றின் சீனியைத் தசை இழுத்துக்கொள்ளும். காலையில் கடற்கரைப் பக்கம் இன்னொரு 15 நிமிடம். எழுவான்கரையில் இருந்துகொண்டு எழுகிற சூரியனைப் பார்க்காமல் விடுவதா? விடிகிற வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பின் மணிக்கூடு நேராகும், இரவில் நேரத்துக்கு நித்திரை வரும்.

ஒரு எச்சரிக்கை. சீனிக்குக் குளிசையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் நான் சொல்கிறபடி திடீரென்று சோற்றைக் குறைக்கக் கூடாது, விரதமும் பிடிக்கக் கூடாது. மருந்து அதே அளவில் இருக்க, சாப்பாடு குறைந்தால் சீனி கீழே விழும். வியர்க்கும், கை நடுங்கும், மயக்கம் வரும். வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கு நேரம் அம்மாவுக்கு ஒருமுறை அப்படி ஆனது. கிளினிக்கில் சொல்லி, மருந்தின் அளவைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

சும்மா உட்காருவது

தியானம் என்ற சொல் எனக்குக் கொஞ்சம் பெரிதாகப் படுகிறது. நான் செய்வது உட்காருவது.

காலை நடந்து வந்து, முகம் கழுவி, குசினிப் பின்பக்கத் திண்ணையில் சின்ன ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். முதுகு நேர், தோள் தளர்வு, கை மடியில். மூச்சை இழுக்கவோ பிடிக்கவோ வேண்டாம், அது போகிறபடி போகட்டும். வெளியே போகிற ஒவ்வொரு மூச்சுக்கும் ஓர் எண். ஒன்று முதல் பத்து, மீண்டும் ஒன்று. நடுவில் நினைப்பு வேறெங்காவது போய்விடும். எனக்கு முதல் கிழமை மூன்றைத் தாண்டவே ஏலாமல் போனது. நாலாவது மூச்சில் யாருடையோ லைனிங் துணி வந்து நிற்கும். போய்விட்டது என்று தெரிந்ததும் ஏசிக்கொள்ளாமல் ஒன்றுக்கு வாருங்கள். பிழைத்த தையலைப் பிரித்து மறுபடி தைப்பது மாதிரி. பிரிக்கத் தெரிந்தவள்தான் தையற்காரி.

நேரம் பார்க்கப் போனை எடுத்தால் கதை முடிந்தது. நான் ஊதுபத்தியை நாலாக முறித்து வைத்திருக்கிறேன். என் கடையில் வாங்குவது முழுதாக எரிய அரை மணித்தியாலம் அளவில் எடுக்கும், கால்துண்டு ஏழெட்டு நிமிடம். உங்கள் பத்தியை ஒருமுறை எரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். புகை ஒத்துவராதவர்கள், இழுப்பு இருக்கிறவர்கள் மணிக்கூட்டு அலாரத்தைப் பாவியுங்கள். முதல் மூன்று கிழமை கால்துண்டு, பிறகு அரைத்துண்டு. அதற்கு மேல் நான் போகவில்லை.

கண்ணை மூட வேண்டும் என்று கட்டாயமில்லை. இதை இந்த மாவட்டத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். யுத்தத்தையும் 2004 டிசம்பர் 26ஐயும் பார்த்த கண்கள் இங்கே நிறைய. கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்தால் சிலருக்கு அமைதி வராது, அந்த நாள்தான் வரும். எனக்கு மூன்றாம் நாள் தண்ணீரின் இரைச்சல் வந்தது, எழும்பி உள்ளே போய்விட்டேன். அடுத்த நாள் கண்ணைத் திறந்து, எதிரே நிற்கிற முருங்கை மரத்தைப் பார்த்தபடி எண்ணினேன், அது சரியாக இருந்தது. அப்படி வருகிறவர்கள் கண்ணைத் திறந்து வையுங்கள், அல்லது நடந்துகொண்டே காலடியை எண்ணுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் கதையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் எடுக்கலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எண்ணிக்கை பிடிக்காதவர்கள் கேட்டுப் பாருங்கள். சின்ன வயதில் ஒரு பறுவ இரவு அப்பா எங்களைத் தோணியில் கல்லடிப் பாலத்தடிக்குக் கூட்டிப் போனார், மீன் பாடுவதைக் கேட்க. துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியில் காதை வைக்கச் சொன்னார். முதலில் ஒன்றுமில்லை. தம்பி "கேக்கல்ல" என்று கத்தினான். அப்பா அவன் வாயைப் பொத்தினார். கொஞ்ச நேரத்தில், தம்பூரா நரம்பைத் தூரத்தில் யாரோ சுண்டுகிற மாதிரி ஒரு சத்தம். எண்ணத் தோன்றாத நாட்களில் நான் அப்படித்தான் உட்காருகிறேன். அடுத்த வீட்டுக் கிணற்று வாளி, காகம், தூரத்தில் கடல். எந்தச் சத்தத்தையும் தேடிப் போவதில்லை, வருகிறதைக் கேட்பது.

வேலைக்கு நடுவிலும் இதைக் கொண்டுவரலாம். சாறிக்குக் கையால் ஓரம் தைக்கும்போது ஒரு மூச்சுக்கு ஒரு தையல். ரேடியோவும் இல்லை. ஐந்து மீற்றர் ஓரம் முடியும்போது தலை கழுவி விட்டது மாதிரி இருக்கும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, 20 அடிக்கு அப்பால் இருக்கிற எதையாவது 20 விநாடி பார்க்கிறேன். எனக்கு அது வாசலில் நிற்கிற தென்னை. கண் எரிவு இதிலேயே பாதி குறைந்தது.

இப்போது எங்கே நிற்கிறேன்

நாலரை மாதம் கழித்துச் சீனி 104. நூறுக்குக் கீழே இன்னும் வரவில்லை. நிறை 71இல் இருந்து 66. போன் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கீழே, அதில் பாதி தொழில். இரவு 10க்கு நித்திரை.

நடுவில் ஒருமுறை எல்லாம் கவிழ்ந்தது. சித்திரை வருடப்பிறப்புத் தையல், 60 உருப்படிக்கு மேல். டின்னில் இருந்த போன் மெஷின் மேசைக்கு வந்தது, தேத்தண்ணி ஆறானது, உட்காரவே இல்லை. வருடப்பிறப்பு முடிந்து மூன்றாம் நாள் முதலில் இருந்து தொடங்கினேன், அதே வரிசையில். முதல் நாள் போனை டின்னில் போட்டேன், வேறொன்றும் செய்யவில்லை. இரண்டாவது முறை மூன்று கிழமை தேவைப்படவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை போதுமாக இருந்தது. பெருநாளும் கல்யாண மாதமும் வரும்போது இப்படித்தான் ஆகும் என்று இப்போதே தெரிகிறது. அதனால் அந்த நாட்களுக்குப் போனை டின்னில் வைப்பதை மட்டும் விடுவதில்லை என்று வைத்திருக்கிறேன், மற்றவை போனால் போகட்டும்.

கூறைச் சட்டை கொடுத்த அதே வீட்டில் இருந்து இரண்டாவது பெண்ணின் சட்டைக்குப் போன கிழமை துணி வந்தது. இந்த முறையும் துணி குறைவுதான். முதல் கையை வெட்டியதும் அச்சுக் கடதாசியைப் புரட்டி, சோக்கால் அதில் பெரிதாக "வ" என்று எழுதிவிட்டு மற்றதை வெட்டினேன். குசினிப் பக்கம் டின்னுக்குள் ஒருமுறை போன் அடித்து நின்றது.

ஒரு மணிக்குப் பார்த்தேன். சீட்டுக் காசு கேட்டு எடுத்திருக்கிறார்கள்.